விஞ்சுவதும் எஞ்சுவதும்

இவ்விழா ஆண்டை முன்னிட்டு நம் கல்லூரிக்கு யாது கொடை வழங்கலாம் என ஆராய்தற்பொருட்டு, கண்டியில் வாழும் பழைய மாணவர் சிலர் ஹந்தானைச் சாரலில் ஓர் அன்பர் இல்லத்திற் கூடினோம். நூல்நிலைய விரிவு என்றார் ஒருவர். ஆய்வுகூடம் என்றார் மற்றொருவர். வறிய மாணவர்க்கு உதவிப்பண நிதி என்றார் மூன்றாமவர். வாயிலிலே நினைவு வளைவு என்றார் நான்காமவர். மூன்று மணி நேரம் வாதித்தும் முடிவு பிறக்கவில்லை. ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் இருவர், ஒருவர் முகத்தை ஒருவர் நோக்காது விடைபெற்றனர். கல்லூரிக்கு நன்மை செய்யக் கூடிய கூட்டம், கல்லூரி தந்த நட்பைக் குலைத்துவிடுமோ என்னும் அச்சமே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

அவ்வில்லத்தின் முற்றத்தில் நின்று பேராதனைப் பக்கம் நோக்கினால், மரக் கூட்டங்களினிடையே பல்கலைக்கழகக் கூரைகள் தோன்றும். மலையடிவாரமும் மகாவலி கங்கையும் சூழ்ந்த அவ்வளாகம், அங்கன்றி வேறெங்கும் அமைந்திருக்க இயலாது என்று அங்குப் பயின்ற நம்மவர் எண்ணுதல் இயல்பே. ஆயினும் அவ்விடமும் நெடிய வழக்கொன்றின் பின்னரே தெரியப்பட்டது.

1906ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோன்றியது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் அவ்வியக்கத்துக்கு உயிராக நின்றார்கள். 1921இற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டது. முழுப் பல்கலைக்கழகம் அமைய வேண்டிய இடம் கொழும்பா, கண்டியா என்ற வினா எழுந்தபோது, ‘இடங்களின் போர்’ என்று பெயர் பெறுமளவுக்கு அவ்விவாதம் முற்றியது. 1928ஆம் ஆண்டளவிற் கண்டியை அடுத்த தும்பறைப் பள்ளத்தாக்கு முன்மொழியப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1938இல், பேராதனை தெரியப்பட்டது. 1942 யூலை 1ஆந் தேதி கொழும்பிலேயே பல்கலைக்கழகம் பிறந்தது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தரானார். மாணவர் பேராதனைக்கு முறைப்படி வந்தது 1952 ஒக்டோபர் 6ஆந் தேதியாகும். கல்லூரி தோன்றியது முதல் வளாகம் நிறைந்தது வரை முப்பத்தோராண்டு கழிந்தன.

இத்துணைக் காலம் கழிந்ததற்குப் பொருள் முட்டும் போரும் காரணமாயின. ஆயினும் வாதத்தின் இயல்பையும் நாம் நோக்குதல் வேண்டும். கொழும்பை வேண்டியோர் பெரிய மருத்துவமனையையும், 1870 முதல் நடைபெற்ற மருத்துவக் கல்லூரியையும், நீதிமன்றங்களையும் சுட்டலாம். கண்டியை வேண்டியோர் பரந்த நிலத்தையும், தண்மையான காலநிலையையும், ஆசிரியரும் மாணவரும் உடனுறைந்து பயிலும் வாய்ப்பையும் சுட்டலாம். இரு சாராரும் உண்மையே பேசினர். ஆனால் வெவ்வேறு கோல்கொண்டு அளந்தனர். வெவ்வேறு கோல்கொண்டு அளப்போர் எத்துணை உரத்துப் பேசினும் ஒரு முடிவுக்கு வாரார்.

இங்குதான் நாம் கூறவந்த விதி பயன்படுகின்றது. இதனை ‘விஞ்சுதல் விதி’ எனலாம். இரண்டு தெரிவுகளை எடுத்துக்கொள்க. நாம் கருதும் நியமங்கள் எல்லாவற்றிலும் முதலாவது இரண்டாவதற்குக் குறையாமலும், ஒன்றிலேனும் அதனின் மிக்கதாயும் இருப்பின், முதலாவது இரண்டாவதை விஞ்சுகிறது. அவ்வாறு விஞ்சப்பட்டதைத் தயக்கமின்றி விலக்கலாம். எந்த நியமத்துக்கு எத்துணை மதிப்பு என்ற பூசலுக்கு அங்கு இடமேயில்லை. பணமே பெரிதென்பவரும் காலமே பெரிதென்பவரும் அழகே பெரிதென்பவரும் அத்தெரிவை ஒருமித்து விலக்குவர்.

இத்தாலியப் பொருளியலறிஞர் பரேற்றோ (1848–1923) ஒரு சமுதாயத்தின் நலத்தை ஆராயும்போது இக்கருத்தைக் கையாண்டார். ஒருவர்க்கும் தீங்கின்றி ஒருவர்க்கேனும் நன்மை தரும் மாற்றம் உண்டாயின், பழைய நிலையில் நிற்றல் தகாது என்பதே அவர் வழிவந்த கொள்கை. ஆங்கு மனிதரை வைத்த இடத்தில் ஈண்டு நியமங்களை வைக்கிறோம், வேறுபாடு அவ்வளவே.

கொழும்பும் கண்டியும் ஒன்றையொன்று விஞ்சவில்லை என்பது மேற்கூறியவற்றால் விளங்கும். பிற்கால வரலாறும் அதற்குச் சான்று. பேராதனைக்குச் சென்ற சட்டத்துறை 1965இற் கொழும்புக்கே மீண்டது. மருத்துவத்துக்கோ கொழும்பு பீடம் அங்கேயே நிற்க, 1962இற் பேராதனையில் மற்றொரு பீடம் அமைந்தது. விஞ்சாத இரண்டினுள் ஒன்றைத் தெரிந்தால், விடுபட்டதன் நன்மை என்றாயினும் நம்மைத் தேடி வரும்.

தும்பறையையும் பேராதனையையும் ஒப்பிடும்போது நிலைமை வேறு. தண்மையும் தனிமையும் உடனுறைவும் கண்டிப் பகுதி முழுவதற்கும் பொதுவாதலால், அவற்றைப் பட்டியலினின்றும் நீக்கிவிடலாம். எஞ்சுவனவற்றை நோக்குக. கொழும்பிலிருந்து வரும் இருப்புப்பாதை கண்டிக்கும் பதுளைக்கும் எனப் பிரியுமிடம் பேராதனை. தும்பறையோ கண்டிக்கு அப்பாலுள்ளது. 1821இல் அமைந்த தாவரப் பூங்கா பேராதனையில் உளது. கன்னொறுவையின் விவசாய ஆராய்ச்சி நிலையம் அதன் அயலிலே உளது. தும்பறைக்காக வாதாடுபவர் இவற்றுக்கு ஈடாகத் தம் இடம் சிறந்து நிற்கும் வேறொரு நியமத்தைக் காட்டியே தீரவேண்டும். அதனை அவர் காட்டுவாராயின் வாதம் தொடரும், காட்டாராயின் முடியும். விதியின் வலிமை இதுவே. அது தீர்ப்புக் கூறுவதற்கு முன்னர், விடை கூறவேண்டியவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது.

இவ்விதியைக் கையாளுவோர் இரண்டு பிழைகளுக்கு அஞ்சுதல் வேண்டும்.

முதலாவது, நியமமொன்றை மறத்தல். பட்டியலில் இல்லாத நியமத்தில் ஒரு தெரிவு எத்துணைச் சிறந்திருப்பினும், அது விஞ்சப்பட்டதாகவே தோன்றும். பேராதனை வளாகம் அமைந்தது புதுப் பேராதனைத் தோட்டம் என்னும் நிலத்திலாகும். ஹந்தானைச் சாரலின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்தோரும் வாழ்வோரும் நம் இனத்தவரான உழைப்பாளர். தோட்ட நிலம் எங்கே வேறு பயனுக்கு எடுக்கப்படினும், அங்குள்ள லயங்களிற் குடியிருப்போர் எங்குச் செல்வர் என்பதும் ஒரு நியமமாதல் வேண்டும். கூட்டத்தில் இல்லாதவரின் நன்மை பட்டியலிலும் இல்லாது போதல் எளிது. ஆதலால், பட்டியலை முடிக்குமுன், “இங்கு வராதவர் யார்? அவர் வந்திருப்பின் எந்நியமத்தைச் சேர்த்திருப்பார்?” என்று வினாவுதல் கடன்.

இரண்டாவது, விஞ்சப்பட்டதைக் கடைப்பட்டதாகக் கொள்ளல். இது மாணவர்க்கு மிக வேண்டுவது. பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கும் மாணவர் பாடநெறிகளை விருப்ப வரிசைப்படி எழுதுகின்றனர். ஒருவர் மூன்று நெறிகளைத் தம் விருப்பம், வேலைவாய்ப்பு என்னும் இரு நியமங்களால் அளந்து, பத்துக்கு இத்துணை என மதிப்பிடுகிறார் என்க. முதல் நெறி 9, 9. இரண்டாவது 8, 8. மூன்றாவது 10, 1. முதலாவது இரண்டாவதை விஞ்சுகிறது. மூன்றாவதை எதுவும் விஞ்சவில்லை. ஆதலால் இரண்டாவதைத் தள்ளி, முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் எழுதலாமா? எழுதினால், முதலாவதற்குரிய வெட்டுப்புள்ளியை எட்டாத அன்று அம்மாணவர் மூன்றாவதிற் சென்று விழுவார். முதலாவது கிட்டாதபோது இரண்டாவதை விஞ்சுவார் எவருமில்லை. அது மீண்டும் உயிர்பெறும். எனவே, ஒன்றை மட்டும் தெரிவதாயின் விஞ்சப்பட்டதை விலக்குக. வரிசைப்படுத்துவதாயின் விலக்காது வைத்திருக்க.

விஞ்சுவன விஞ்சி, விலகுவன விலகியபின் எஞ்சுவனவற்றை என் செய்வது? அங்கே விதி மௌனமாகிறது. நம் விழுமியங்களே பேசவேண்டும். ஆயினும் ஓர் உபாயமுண்டு. பெஞ்சமின் பிராங்கிளின் 1772ஆம் ஆண்டில் நண்பர் பிரீஸ்லிக்கு வரைந்த கடிதத்தில், நன்மை தீமைகளை இரு நிரலாக எழுதி, எடையொத்தவற்றை இருபுறமும் அடித்துவிடுமாறு கூறினார். அவ்வழியை விரித்து, ஒரு நியமத்தில் இவ்வளவு விட்டுக்கொடுத்தால் மற்றொன்றில் எவ்வளவு ஈடாகும் என்று நம்மை நாமே கேட்டு, அந்நியமத்தில் இரு தெரிவுகளையும் சமமாக்கலாம். சமமான நியமம் நீங்கும். இவ்வாறு ஒவ்வொன்றாக நீங்க, ஈற்றில் ஒன்று மற்றொன்றை விஞ்சி நிற்கும்.

திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’யைத் தொடர்ந்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் தனித்தனியே வைக்கப்பட்டமையை நம் மாணவர் அறிவர். வலியும் காலமும் இடமும் வெவ்வேறு கோல்கள்; ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அளத்தல் ஆகாது என்பதை அவ்வைப்பு முறையே உணர்த்துகிறது எனலாம்.

அடுத்த கூட்டத்தில் நாம் ஒரு தாளில் நிரல்கள் வரைந்தோம். செலவு, பயன்பெறும் மாணவர் தொகை, பராமரிப்பு, முடியுங் காலம் என நியமங்கள் எழுந்தன. நூல்நிலையத்துக்கு இரு வரைபடங்கள் இருந்தன: பழைய கட்டடத்தின் மேல் மாடி ஒன்று, மைதானத்தின் ஓரத்திலே புதுக்கட்டடம் மற்றொன்று. புதுக்கட்டடம் செலவிற் கூடியது, காலத்தில் நீண்டது, மைதானத்தைக் குறைப்பது, இருக்கைகளோ இரண்டிலும் ஒரே தொகை. அது விஞ்சப்பட்டது, எவரும் வருந்தவில்லை. நினைவு வளைவு எல்லா நிரலிலும் உதவிப்பண நிதிக்குப் பின் நின்றது. அதனை முன்மொழிந்த அன்பர், “வழிப்போக்கர் கண்ணிற் படுதல் என்றொரு நிரல் சேருங்கள்” என்றார். சேர்த்தோம். அவ்வொரு நிரலில் வளைவே முதலாவதாயிற்று; விதிப்படி அதனை விலக்க இயலவில்லை. ஆனால் அவர் தாளைச் சிறிது நேரம் நோக்கியிருந்து, நகைத்து, “இதற்காகவா இத்துணை நேரம் வாதித்தேன்!” என்று தாமே அதனை மீட்டுக்கொண்டார்.

மூன்று எஞ்சின. அவற்றுள் எது சிறந்ததென்பதில் இன்றும் நம்முள் ஒருமையில்லை. ஆனால் எதைப்பற்றி ஒருமையில்லை என்பதில் ஒருமையுண்டு: இன்று பயில்வோர் அனைவர்க்கும் சிறிது நன்மையா, வறியோர் சிலர்க்குப் பெரு நன்மையா என்பதே அவ்வினா. அது மதித்தற்குரிய வினா. நல்லோர் இருவர் அதில் மாறுபடலாம். முதற் கூட்டத்தில் முகம் நோக்காது பிரிந்த நண்பர் இருவரும் அன்று ஒரே வண்டியில் மலையிறங்கிச் சென்றனர்.