பொய் சொல்லாத சாட்சியும் தவறலாம்!

திரைப்படத்தில் பார்த்திருப்பீர்கள். துப்பறியும் நிபுணர் ஒருவர் கைதியின் கண்களை உற்றுப் பார்ப்பார். "இவன்தான் குற்றவாளி!" என்பார். உண்மையில் இப்படி நடக்குமா? நடக்காது.

குற்றம், விசாரணை, நீதிமன்றம் ஆகியவற்றோடு தொடர்புடைய மனித மனத்தை ஆராயும் துறை தடயவியல் உளவியல். இத்துறையினர் மனத்தைப் படிக்கும் மந்திரவாதிகள் அல்லர். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கைப் புரிந்துகொள்ளும் மனநிலை உள்ளதா? சாட்சியை எப்படி விசாரிக்க வேண்டும்? இவை போன்ற கேள்விகளுக்கு விடை தேடுவதே இவர்கள் பணி.

கருவி பொய்யைக் காட்டுமா?

'பொய் கண்டறியும் கருவி' பொய்யை அளப்பதில்லை. இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு, தோலின் வியர்வை ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களையே அது பதிவு செய்கிறது. பயந்தால் உண்மை பேசுபவருக்கும் நெஞ்சு படபடக்கும் அல்லவா? சம்மதமின்றி எவரையும் இச்சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று நமது உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது.

நினைவு ஒரு புகைப்படமா?

"என் கண்ணால் பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால் நாம் நம்பிவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் 1974-இல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டப்பட்டது. பிறகு, "கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்று 50 பேரிடம் கேட்டார்கள். வேறு 50 பேரிடம், "கார்கள் இடித்தபோது என்ன வேகம்?" என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று எல்லாரிடமும் கேட்டார்கள். முதல் பிரிவில் 16 பேர் 'பார்த்தோம்' என்றனர். இரண்டாம் பிரிவில் 7 பேர். ஆனால், படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! கேள்வியில் மாறிய ஒரு சொல், நினைவையே மாற்றிவிட்டது.

இது விளையாட்டல்ல. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1984-இல் ஒரு குற்றம் நடந்தது. பாதிக்கப்பட்டவர் ஓர் இளைஞரை, "இவர்தான்" என்று உறுதியாக அடையாளம் காட்டினார். அவர் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. ஆனால், 1995-இல் டி.என்.ஏ. சோதனை வேறொருவரே குற்றவாளி என்று காட்டியது. நிரபராதி 10 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்துவிட்டார்.

ஆகவே, விடையைத் தன்னுள் வைத்திருக்கும் கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக் கூடாது என்கிறார்கள் உளவியலாளர்கள். அடையாள அணிவகுப்பை நடத்தும் அதிகாரிக்கே சந்தேக நபர் யாரென்று தெரியாமலிருப்பது நல்லது. "குற்றவாளி இவர்களில் இல்லாமலும் இருக்கலாம்" என்று சாட்சிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

செய்து பாருங்கள்

கட்டில், பாய், தலையணை, மெத்தை, போர்வை, இரவு, கனவு, கொட்டாவி, குறட்டை, தொட்டில், தாலாட்டு, ஓய்வு. இச்சொற்களை நண்பர்களுக்கு மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் வேறு பேசுங்கள். பிறகு நினைவிலுள்ள சொற்களை எழுதச் சொல்லுங்கள். 'தூக்கம்' என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே! அவர்கள் பொய்யா சொன்னார்கள்?