பிள்ளை யாரிடம் வளர வேண்டும்?

நம் பங்கில் ஒரு கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டனர் என்று கேள்வியுற்றால், "குற்றம் யார் மீது?" என்பதே நம்மில் பலர் கேட்கும் முதற் கேள்வி. நீதிமன்றப் படியேறும் பெற்றோரும் இதே எண்ணத்துடன்தான் செல்கின்றனர். தவறிழைத்தவரிடமிருந்து பிள்ளையை வாங்கி, தவறிழைக்காதவரிடம் நீதிபதி ஒப்படைத்துவிடுவார் என்று நம்புகின்றனர். நீதிபதி கேட்பதோ வேறு: இப்பிள்ளையின் நலன் எவரிடம் நன்கு பேணப்படும்?

இந்தியக் கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதில் இரண்டு சட்டங்கள் பொருந்துகின்றன. பிரிவு வழக்கு நடக்கும்போதும் முடிந்த பின்னரும் பிள்ளைகளின் பராமரிப்பு, கல்வி ஆகியவை பற்றி ஆணையிட 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் அதிகாரம் அளிக்கிறது. பிள்ளையின் வயது, பால், மதம், காப்பாளராக விரும்புபவரின் ஒழுக்கம், ஆற்றல் ஆகியவற்றை எடைபோடுமாறு 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் பணிக்கிறது. "ஐந்து வயது வரை தாயிடம்" என்று பலரும் சொல்லும் விதி, இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. நமக்குரிய சட்டங்களில் அப்படியொரு வயதுக்கோடு இல்லை. ஆயினும் பச்சிளங் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க நீதிபதிகள் எளிதில் இசைவதில்லை.

1973ஆம் ஆண்டில், சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு கிறிஸ்தவத் தம்பதியரின் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்தையின் உரிமையும் பிள்ளையின் நலனுக்கு உட்பட்டதே என்பது அதன் சாரம். "சம்பாதிப்பவர் நான்தானே" என்று வாதிடும் தந்தையர் இதை அறிந்திருப்பது நன்று. தாயிடம் வளரும் பிள்ளைக்கும் செலவுத் தொகை தருமாறு தந்தைக்கு ஆணையிட முடியும்.

விவரம் அறிந்த பிள்ளையானால் அதன் விருப்பமும் கேட்கப்படும். நீதிபதி பெரும்பாலும் தம் தனியறைக்கு அழைத்து, பள்ளி, நண்பர்கள் என்று பேசத் தொடங்குவார். இங்கேதான் உறவினர் செய்யும் கொடுமை வெளிப்படுகிறது. "அப்பா கெட்டவர் என்று சொல்" எனப் பாட்டியும் அத்தையும் பாடம் சொல்லி அனுப்புகின்றனர். ஒப்பிக்கும் பிள்ளையை அனுபவமுள்ள நீதிபதி அடையாளம் கண்டுகொள்வார். சொல்லிக்கொடுத்தவர் மீதே அவருக்கு ஐயம் பிறக்கும். வழக்கில் வெல்லும் நோக்கில் பிள்ளையின் நாவில் நஞ்சு வைப்பதை நாம் என்னவென்று சொல்வது!

திருமணம் செல்லாது என மறைமாவட்டத் தீர்ப்பாயம் அறிவித்தாலும், பிள்ளை யாரிடம் என்பதை நாட்டின் நீதிமன்றமே முடிவு செய்யும்.

1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடும்ப நீதிமன்றங்கள், இயன்றவரை இணக்கம் காணவே முதலில் முயல வேண்டும். அங்கு ஆலோசகர்களும் உள்ளனர். பிள்ளையைப் பற்றிய ஆணை கல்லில் பொறித்ததன்று. சூழ்நிலை மாறினால் அதுவும் மாற்றப்படலாம். உடன் வாழாத பெற்றோர் பிள்ளையைச் சந்திக்கவும், விடுமுறைகளில் அழைத்துச் செல்லவும் நாட்கள் குறிக்கப்படுகின்றன. தொலைவில் இருப்பவர் காணொளி வழியாகவேனும் பேச வழி செய்யவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் கூறியது. புதுநன்மை நாளையும் பிறந்த நாளையும் அந்தப் பட்டியலில் சேர்க்குமாறு இருவரும் முன்கூட்டியே வழக்கறிஞரிடம் சொல்லிவிடலாம்.