தண்ணியில் அலசினாலும் கிழியாத காகிதம்!



காகிதத்தை யாராவது துணி மாதிரி தண்ணியில் அலசுவாங்களா? ஜப்பானில் அலசுறாங்க. அதுவும் சாயம் போட்ட பிறகு! அந்தக் காகிதத்துக்குத் தூரத்துச் சொந்தம் ஒண்ணு நம்ம பக்கத்திலேயே, பாண்டிச்சேரியில் இருக்கு. முதலில் அதைச் சொல்லிடறேன்.

பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959-ல் தொடங்கப்பட்டது. போன மே லீவில் சித்தப்பாவுடன் போய்ப் பார்த்தேன். கைக்காகிதத்துக்கு மரம் வெட்ட வேண்டாம். பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சுகிற பருத்தித் துண்டு இருக்கே, 'கட்டிங் வேஸ்ட்' என்பாங்களே, அந்த மாதிரி துணிதான் மூலப்பொருள். துணியைத் தரம் பிரித்து, பொடிப்பொடியாக வெட்டி, 'பீட்டர்' என்ற தொட்டியில் தண்ணியோடு மணிக்கணக்கில் அடிக்கணும். நூல் நூலாக இருந்தது நார் நாராகப் பிரிந்து, கடைசியில் கஞ்சி போல் ஆகிவிடும்.

இனிமேல்தான் கைவேலை. மரச்சட்டத்தில் கட்டிய வலையைக் கூழுக்குள் விட்டு, மட்டமாகத் தூக்கி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் லேசாக ஆட்டணும். தண்ணி வடிந்துவிடும், நார் வலைமேல் படிந்துவிடும். அந்த ஈரப்படலத்தைத் துணிமேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி, காயவைத்தால் காகிதம்!

ஏன் ஆட்டணும்? ஆட்டும்போது நார்கள் எல்லாத் திசையிலும் ஒன்றோடொன்று பின்னிக்கும். மில்லில் கூழ் ஓடுகிற வலைமேல் விழுவதால் பெரும்பாலான நார்கள் ஒரே பக்கமாகப் படுத்துவிடும். நம்பலையா? இன்றைய செய்தித்தாளை எடுத்து மேலிருந்து கீழே கிழியுங்கள், பிறகு குறுக்கே கிழியுங்கள். ஒரு பக்கம் நேர்க்கோடாகப் போகும், இன்னொரு பக்கம் கோணல்மாணலாகப் போகும். கைக்காகிதத்தை எந்தப் பக்கம் கிழித்தாலும் ஏறக்குறைய ஒரே முரண்டுதான்.

காகிதத்துக்கு அலங்காரமும் உண்டு. தண்ணிமேல் சாயங்களை மிதக்கவிட்டு, சீப்பு மாதிரி ஒன்றால் கீறி, காகிதத்தை மேலே வைத்து எடுத்தால் மயில்தோகை போல விழும். இதற்கு 'மார்பிளிங்' என்று பெயர். ஒரு தடவை விழுந்த மாதிரி இன்னொரு தடவை விழாது.

இப்போ ஜப்பானுக்குப் போவோம். அவங்க 'வாஷி' காகிதத்துக்கு முக்கியமான மூலப்பொருள் 'கோஸோ' என்ற செடியின் உள்பட்டை. இது மல்பெரி குடும்பம். காஞ்சிப் பட்டுக்கு வேண்டிய பட்டுப்புழு தின்கிற அதே மல்பெரிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்! யூகலிப்டஸ் நார் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நீளம். கோஸோ நார் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். நீளமான நார் நன்றாகப் பின்னிக்கும். அதனால்தான் நனைந்தாலும் உதிராது.

அதில் அச்சுவெட்டிச் சாயம் போடும் கலைக்குக் 'கட்டாஸோமே' என்று பெயர். அச்சு என்றால் நம்ம கோல அச்சு மாதிரிதான். ஒரகடம் பக்கம் கம்பெனி மரப்பெட்டிகளில் எழுத்து பதிக்கிற தகடும் அதே ஜாதி. ஆனால் ஒரு வித்தியாசம். நாம் ஓட்டை வழியாக மாவையோ மையையோ விடுவோம், ஓட்டை இருக்கிற இடத்தில் நிறம் விழும். அவங்க ஓட்டை வழியாகப் பசைதான் விடுவாங்க! பசையரிசி மாவும் தவிடும் சேர்த்த பசை. அது காய்ந்ததும் மேலே சாயத்தைத் தூரிகையால் பூசுவாங்க. சாயம் ஒட்டிக்கொள்ள சோயா பால் கலப்பாங்க. கடைசியில் தண்ணியில் அலசினால் பசை கரைந்து போகும், பசை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக மிஞ்சும். அலசும்போது காகிதம் கிழிந்தால் அத்தனை வேலையும் வீண். கலையைத் தாங்கறதே நார்தான்.

அச்சும் காகிதம்தான். சில தாள்களைச் சீமைப் பனிச்சைச் சாறு பூசி ஒட்டி, புகையில் காட்டி, தோல் மாதிரி ஆக்கி, கத்தியால் வெட்டுவாங்க. (நம்ம ஊர்ப் பனிச்சங்காயும் அதே இனம். அந்தச் சாற்றைப் படகுக்கும் வலைக்கும் பூசுவது உண்டு.) இந்தக் கலையில் பேர் பெற்றவர் ஸெரிஸாவா கெய்சுகே (1895–1984). 1956-ல் ஜப்பான் அரசு அவரை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று கௌரவித்தது. நம்ம நாட்டில் கைக்காகிதத்துக்காக உழைத்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. 1934-ல் காந்தியடிகள் தொடங்கிய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளர். ஜெய்ப்பூர் பக்கத்தில் சங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு அவர் பெயர்தான்.

சரி, இதெல்லாம் நமக்கு எதுக்கு என்று கேட்கறீங்களா? அறிவியல் ஆய்வகப் பீரோவில் நம்ம பழைய சுவர் இதழ்கள் சுருட்டி வைத்திருக்கு. பிரித்தால் மடிப்பில் பொட்டுப் பொட்டாக உடையுது. நம்ம அக்காக்கள், அண்ணன்கள் கையால் எழுதினது! காகிதத்தில் மிச்சமிருக்கும் அமிலம் நாரை மெல்ல அரித்துவிடும். மலிவுத் தாளில் 'லிக்னின்' என்ற மரப்பொருளும் இருக்கும். வெயில் பட்டால் மஞ்சளாவது அதனால்தான். பருத்தியில் அது கிட்டத்தட்டக் கிடையாது. ஜப்பானில் நாரா நகரத்து ஷோஸோயின் களஞ்சியத்தில் கி.பி. 702-ஆம் ஆண்டுக் குடும்பப் பதிவேடுகள் இன்னும் இருக்கு. 1,300 வருஷம்! நம்ம இதழ் இருபது வருஷம்கூடத் தாங்கலை.

எல்லா மாதமும் கைக்காகிதம் வாங்கக் காசு பத்தாது, விலை அதிகம்தான். அது செய்யத் தண்ணியும் நிறைய வேணும், அதையும் சொல்லணும். ஆனால் ஆண்டு விழா இதழை மட்டும் அதில் எழுதலாமே? ஓவிய ஆசிரியர் சரி என்றால், ஓரத்துக்கு அச்சு வெட்ட நான் தயார். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் போதும். (வீட்டில் பழைய பனியனை மிக்ஸியில் போட்டுக் கூழாக்கப் பார்க்காதீங்க. நூல் பிளேடில் சுத்திக்கும்!) அதுவரைக்கும் பீரோவில் உள்ள இதழ்களைச் சுருட்டாமல் மட்டமாக அடுக்கி வைக்கலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வரக்கூடியவங்க பேர் கொடுங்க.

கீழே வலது ஓரத்தில் குண்டூசி போட்டு ஒரு துண்டு குத்தியிருக்கேன். பாண்டிச்சேரியில் வாங்கினது. ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணியில் ஊறவைத்துக் காயவைத்த துண்டு. தொட்டுப் பாருங்க. கிழிச்சுப் பார்க்க வேண்டாம், அடுத்த வகுப்பும் பார்க்கணும்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி