லிஸ்பனில் முடிசூடிய தங்கப் பொம்மை

விருத்தாசலத்துச் சூளையில் வெந்த பீங்கான் பொம்மைகள் ஊர் ஊராகப் போவதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பொம்மை கப்பலேறியதில் அதிசயம் ஒன்றுமில்லை. அது ஒரு நாட்டு மன்னர் கையால் முடிசூட்டிக்கொண்டது என்றால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

1543. இலங்கையில் கோட்டை ராஜ்ஜியத்தின் அரசர் ஏழாம் புவனேகபாகு, பேரன் தர்மபாலனின் உருவத்தைத் தங்கத்தில் செய்து, ஒரு கிரீடத்தோடு லிஸ்பனுக்கு அனுப்பியிருந்தார். போர்ச்சுக்கல் மன்னர் மூன்றாம் ஜோவான் அதன் தலையில் முடியை வைத்தார். அந்தக் காட்சியைச் செதுக்கிய தந்தப் பேழை இப்போது மியூனிக் அரண்மனைக் கருவூலத்தில் இருக்கிறது.

எதற்கு இவ்வளவு தூரம்? புவனேகபாகுவுக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் வயிற்றுப் பேரனுக்குப் பட்டம் கட்ட நினைத்தார். சீதாவாக்கையை ஆண்ட தம்பி மாயாதுன்னையோ கோட்டைச் சிம்மாசனத்தின்மேல் கண் வைத்திருந்தார். 1521இல் பெற்ற தகப்பனையே கொன்று நாட்டைப் பங்குபோட்ட சகோதரர்கள் இவர்கள். ஒருவரை ஒருவர் நன்றாகவே அறிவார்கள். பக்கத்துப் பங்காளியைவிடத் தூரத்துப் பரங்கி மேல் என்று மூத்தவர் கணக்குப் போட்டார். பிரான்சிஸ்கன் பாதிரிகள் வந்து மதம் மாறச் சொன்னபோது மட்டும் மறுத்துவிட்டார். கறுவாவைக் கொடுத்தார், சாமியைக் கொடுக்கவில்லை. சாமர்த்தியசாலிதான்.

ஆனால் 1551இல் களனியில் ஒரு போர்ச்சுக்கீசியரின் துப்பாக்கிக் குண்டுக்கு அவர் பலியானார். கைதவறி வெடித்தது என்றார்கள். நம்பாதவர்கள் நிறையப் பேர். அதே ஆண்டு கோவாவிலிருந்து படையோடு வந்த வைசிராய் நொரோஞா, பாதுகாக்க வேண்டிய அரண்மனையிலேயே புதையல் தேடிக் கொள்ளையடித்தார்.

தாத்தாவுக்குப் பின் அரியணை ஏறிய சிறுவன் தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்று 'தோம் ஜோவான்' ஆனார். விகாரை நிலங்கள் பாதிரிகளுக்குப் போயின, குடிகள் கொதித்தார்கள். 1565இல் தலைநகரையே கைவிட்டு, கொழும்புக் கோட்டைக்குள் போர்ச்சுக்கீசியர் நிழலில் ஒதுங்கினார் அரசர். 1580 ஆகஸ்டில், வாரிசில்லாத தமக்குப் பின் ராஜ்ஜியம் போர்ச்சுக்கல் மன்னருக்கே என்று எழுதியும் கொடுத்தார். கூத்து என்னவென்றால், போர்ச்சுக்கல் மன்னர் என்ரிக்கே அந்த ஜனவரியிலேயே வாரிசின்றி இறந்திருந்தார். அந்தச் சிம்மாசனம் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்புக்குப் போனது. 1597இல் தர்மபாலன் கண்மூட, இலங்கையைப் பார்த்தேயிராத பிலிப் கோட்டைக்கு அரசரானார்.

அந்தப் பத்திரத்தைக் காட்டிப் போர்ச்சுக்கீசியர் கண்டி ராஜ்ஜியத்தின்மீதும் உரிமை கொண்டாடினார்கள். அங்கே ஆண்ட விமலதர்மசூரியன், இளமையில் அவர்களிடமே ஞானஸ்நானம் பெற்று, பிறகு பௌத்தத்துக்குத் திரும்பியவர். பத்திரத்தை அவர் மதிக்கவில்லை. 1603இல் கண்டிமீது ஏறிய போர்ச்சுக்கீசியத் தளபதி அசவேதுவின் படை வந்த வழியே திரும்பியது.