ஓர் அங்குலத்தில் 20 கண்ணிகள்

ஸ்பெயின் நாட்டு இளவரசர் பெர்னாண்டோ 1275இல் இறந்தார். பர்கோஸ் நகர மடாலயத்திலுள்ள அவருடைய கல்லறையில் ஒரு பட்டுத் தலையணை உறை கிடைத்தது. ஊசிகொண்டு பின்னிய அவ்வுறையின் ஓரங்களில் 'பரக்கத்' எனப் பொருள்படும் அரபுச் சொல் காணப்படுகிறது. முஸ்லிம் கைவினைஞர்களின் வேலைப்பாடு அது என்பர். அங்குலத்திற்கு ஏறத்தாழ 20 கண்ணிகள்! எண்ணிக் கணக்கிடாமல் அவ்வெழுத்துகளைப் பின்னியிருக்க இயலுமா?

நமக்கு அத்துணை நுட்பம் வேண்டியதில்லை. கணக்கு மட்டும் வேண்டும். குழந்தைக்கு 14 அங்குலச் சுற்றளவில் கம்பளிக் குல்லா பின்ன, அங்குலத்திற்கு 5 வீதம் 70 கண்ணிகள் ஏற்றுகிறீர்கள். கை இறுகி 6 கண்ணிகள் விழுந்தால், குல்லா 12 அங்குலத்தைக்கூட எட்டாது. பிள்ளையின் நெற்றியை இறுக்கும். பல நாள் உழைப்பு வீண்.

ஆகவே, முதலில் 8ஆம் எண் ஊசியில் 30 கண்ணிகள் ஏற்றி, ஒரு வரிசை பிளைன், ஒரு வரிசை பர்ல் என 6 அங்குல உயரம் பின்னுங்கள். நனைத்து, இழுக்காமல் உலர்த்தி, நடுப்பகுதியில் 4 அங்குலத்திற்குள் எண்ணுங்கள். (ஓரக் கண்ணிகளை நம்பாதீர்கள்.) 20க்கு மிகுந்தால் 7ஆம் எண் ஊசி, குறைந்தால் 9ஆம் எண், எண் குறையக் குறைய ஊசி பருக்கும். மாதிரித் துண்டைப் பிரித்து, நூலைப் பந்தாகச் சுற்றிக்கொள்ளலாம்.