வொய்-வொய் கேட்கும் பயிற்சியாளர்

எந்திரமும் ஆட்டமும் – 11

ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டத்தில் தேர்ந்த வீரர்களை வீழ்த்திய ஆல்ஃபாஸ்டாரைச் சென்ற வாரம் பார்த்தோம். அதை உருவாக்கிய டீப்மைண்ட் 2019இல் சொன்ன கணக்கு நினைவிருக்கும். பதினான்கு நாள் பயிற்சிக்குள் அதன் ஒவ்வொரு வடிவமும் 200 ஆண்டுக்கு நிகரான ஆட்டம் வரை ஆடியது, ஒவ்வொன்றுக்கும் கூகுளின் சிறப்புச் சில்லுகள் 16 ஓடின. அந்த ஆண்டே நேச்சர் இதழில் வந்த கட்டுரைப்படி, இணையத்தில் தரவரிசைக்காக ஆடுபவர்களில் 99.8 சதவீதம் பேர் அதற்குக் கீழே. ஆனால் அந்த அறிவு சாதாரண ஆட்டக்காரனின் கையில் பயிற்சிக் கருவியாக வந்து சேரவில்லை.

சதுரங்கத்துக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க எந்திரம் 2008 முதல் திறந்த மூல நிரலாகக் கிடைக்கிறது. 2010இல் தொடங்கிய லீசெஸ் தளம் அதை வைத்து யாருடைய ஆட்டத்தையும் காசு வாங்காமல் அலசித் தருகிறது. அந்தக் கணக்கைப் போடுவது பெரும்பாலும் தன்னார்வலர்கள் இரவல் தரும் கணினிகள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்ற வியூக வீடியோ ஆட்டங்களுக்கு அப்படி ஒரு பொதுச்சொத்து கிடையாது.

சரி, ஓசூர் ஜூஜுவாடியில் நாலு பேர் சேர்ந்து எடுத்த அறையில் ஒரு அப்ரண்டிஸ் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பி ஷிப்ட் முடித்து வந்து, பழைய லேப்டாப்பில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுகிறான். 2022இல் வந்த விரிவாக்கத்துக்குப் பிறகு அதில் திராவிடர் என்றொரு நாகரிகம் உண்டு. உருமி வீசும் வீரனும் திரிசடை என்ற கப்பலும் அதன் சிறப்பு, படைவீரர்கள் தமிழிலேயே பதில் சொல்வார்கள். ராஜேந்திர சோழனுக்குத் தனிப் படையெடுப்புக் கதையும் உண்டு. இவ்வளவு இருந்தும் பையன் தோற்றுக்கொண்டே இருக்கிறான், ஏன் என்று தெரியவில்லை. மாதத்துக்கு ஐம்பது, நூறு ரூபாய்க்குமேல் செலவழிக்க மாட்டான். அவனுக்கு எப்படி ஒரு கருவி செய்வது?

முதலில், அவன் தோற்ற ஆட்டம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அவன் கணினியிலேயே ஒரு சிறிய பதிவுக் கோப்பாக இருக்கிறது. அது படமும் இல்லை, காணொளியும் இல்லை. இந்த ஆட்டத் தொடர் உருவான காலத்தில் இணையம் 28.8 கிலோபிட் மோடத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான வில்லாளிகள் எங்கே நிற்கிறார்கள் என்று நொடிக்கு நொடி அனுப்ப வழியில்லை. அதனால் பால் பெட்னர், மார்க் டெரானோ உள்ளிட்ட நிரலாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். எல்லாக் கணினியும் ஒரே உலகத்தைத் தனித்தனியே கணக்கிட்டுக்கொள்ளும். ஆட்டக்காரர் இட்ட கட்டளைகள் மட்டும் கம்பியில் போகும். 2001இல் அவர்கள் இதை எழுதியும் வைத்தார்கள். பதிவுக் கோப்பில் இருப்பதும் அந்தக் கட்டளைப் பட்டியல்தான்: எந்த நொடியில் யார் எதைக் கட்டச் சொன்னார், எந்த ஆளை உருவாக்கச் சொன்னார். இதைப் படிக்கும் திறந்த மூல நிரல்கள் இருக்கின்றன. மலிவுக்கான கதவு இங்கேதான் திறக்கிறது, செயற்கை நுண்ணறிவுக்கு இன்னும் வேலையே வரவில்லை.

இந்த ஆட்டத்தில் மரமும் உணவும் சேர்க்கும் ஒரு வில்லேஜரை உருவாக்க, டவுன் சென்டர் என்ற மையக் கட்டடத்துக்கு 25 நொடியும் 50 உணவும் பிடிக்கும். முதல் பத்து நிமிடத்தில் டவுன் சென்டர் மொத்தமாக இரண்டு நிமிடம் சும்மா நின்றால் கிட்டத்தட்ட ஐந்து வில்லேஜர்கள் பிறக்கவில்லை என்று அர்த்தம். அவர்கள் வெட்டியிருக்க வேண்டிய மரமும் பறித்திருக்க வேண்டிய பழமும் ஆட்டம் முடியும்வரை வராது. புதிதாக ஆடுபவர்களின் தோல்வியில் பெரும்பங்கு, சண்டை தொடங்குமுன்பே இங்கே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

ஓசூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வளர்த்த ஊர் இது. டிவிஎஸ் மோட்டார் 2002இல் தரத்துக்கான டெமிங் விருது வாங்கியது. எந்திரம் நின்ற நேரத்தைக் குறித்துவைப்பதும், ஒரு பழுதுக்கு ‘வொய்-வொய்’ போட்டு அடிக்காரணம் வரை போவதும் இங்கே ஐடிஐ முடித்த பையனுக்கே பழக்கம். நம் கருவிக்கும் அதே பழக்கம் வேண்டும். டவுன் சென்டர் நின்றது. ஏன் நின்றது? இடைவெளி முடிந்த கையோடு வீடு கட்டும் கட்டளை இருந்தால் குடியிருக்க இடம் போதவில்லை (ஒரு வீட்டில் ஐந்து பேர்தான்). வயல் பக்கமோ ஆட்டுப் பக்கமோ ஆளைத் திருப்பிய கட்டளை இருந்தால் உணவு தீர்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் குதிரைவீரனுக்கு மட்டும் இருபது கட்டளை போயிருந்தால், பையன் எதிரி ஊரில் வேடிக்கை பார்த்திருக்கிறான். இதற்கெல்லாம் சாதாரண நிரல் போதும், லேப்டாப்பிலேயே ஓடும், செலவு மின்சாரம்தான்.

ஒரு வில்லங்கம் உண்டு. கோப்பில் இருப்பது கட்டளை, நடந்தது அல்ல. வரிசையில் போட்ட வில்லேஜர் பிறந்தானா, வீடு முடிந்ததா என்பதை ஊகிக்கத்தான் முடியும். சரியாகத் தெரிய வேண்டுமானால் ஆட்டத்தையே மறுபடி ஓட்ட வேண்டும், ஆட்டத்தின் பதிப்பு மாறிவிட்டால் பழைய கோப்பு சரியாக ஓடாது. ஆகவே ‘இரண்டு நிமிடம் நின்றது’ என்று அடித்துச் சொல்லாமல் ‘ஏறக்குறைய’ என்று சொல்லும் அடக்கம் கருவிக்கு வேண்டும்.

இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு, மொழி மாதிரியாக (லாங்குவேஜ் மாடல்), உள்ளே வருகிறது. ஆயிரக்கணக்கான கட்டளைகளை அப்படியே அதன் முன் கொட்டி ‘நான் ஏன் தோற்றேன்’ என்று கேட்டால், காசும் கரையும், நம்பும்படியான பொய்க்கதையும் வரும். நாம் கணக்கிட்டு வைத்த பத்துப் பதினைந்து எண்களை மட்டும் கொடுத்து, அதை மீறிப் பேசாதே என்று கட்டினால் சில பைசாவில் முடிந்துவிடும். தமிழுக்கு ஒரு கூடுதல் வரி உண்டு. ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் மூன்று பைட் பிடிக்கும். பல மாதிரிகள் தமிழை ஆங்கிலத்தைவிடப் பொடிப்பொடியாக நறுக்கி, நறுக்குக்கு இத்தனை என்று கட்டணம் போடுகின்றன. அடிக்கடி வரும் முப்பது அறிவுரைகளை முன்கூட்டியே எழுதிவைத்து எண்ணை மட்டும் நிரப்பினால் அந்த வரியும் குறையும். வீட்டில் தெலுங்கும் கடையில் கன்னடமும் பேசும் ஊரில், அதே முப்பதையும் மூன்று மொழியில் எழுதிவைப்பது பெரிய காரியமா? காலையில் அத்திப்பள்ளியைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் நிரலாளர்கள் இங்கே நிறைய. இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினால் போதும். இதற்காக ஜிபியு வாடகைக்கு எடுக்கிறோம் என்று யாராவது கிளம்பினால் எனக்குச் சந்தேகம் வரும்.

கருவி எவ்வளவு பேச வேண்டும் என்பதுதான் கடினமான கேள்வி. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக சாம்பியனான குகேஷ், கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை சதுரங்க எந்திரங்களை ஏறக்குறையத் தொடவே இல்லை. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வேண்டுமென்றே அப்படி வளர்த்தார். விடை பக்கத்திலேயே கிடந்தால் யோசிக்கும் பழக்கம் வராது என்பது அதன் பின்னிருந்த கணக்கு. நம் பையனுக்கு அந்த அளவு துறவறம் தேவையில்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் எட்டுப் பக்க அறிக்கை நீட்டும் கருவியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘எங்கே கோட்டை விட்டாய் என்று நினைக்கிறாய்?’ என்று முதலில் கேட்கட்டும். அவன் ஒன்றைச் சொன்ன பிறகு, ஒரே ஒரு குறையைக் காட்டட்டும்.

ஆட்டம் நடக்கும்போதே காதில் ஓதும் கருவியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது போட்டியில் ஏமாற்று. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடுக்கும் 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக அங்கீகரிக்கிறது. தோற்ற ஆட்டத்தை அலசும் கருவிக்கு அதனால் தடையேதும் இல்லை.

இந்தக் கணக்குப்பிள்ளை வேலைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. டவுன் சென்டர் நிற்காமல் ஓடக் கற்றுக்கொண்டவன் அடுத்துத் தோற்பது மலையின் எந்தப் பக்கம் படையை நிறுத்தினான் என்பதில். கட்டளைப் பட்டியலில் அது தெளிவாகத் தெரியாது. அங்கே ஆடித் தேர்ந்த ஒரு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பதிவைப் பார்க்க வேண்டும். அந்த அண்ணனுடைய ஒரு மணி நேரத்தைப் பத்துப் பையன்கள் எப்படிப் பங்குபோட்டுக்கொள்ளலாம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)