இலையா, விலங்கா? 56 கோடி வருடப் புதிரும், யாரும் நம்பாத ஒரு மாணவியும்!

நடுவே வளைந்து வளைந்து செல்லும் ஒரு கோடு. இரு பக்கமும் சாய்வான கிளைகள். ஒவ்வொரு கிளைக்குள்ளும் அதே அமைப்பில் குட்டிக் கிளைகள். பார்த்தால் பெரணி இலைதான்!

ஆனால், சார்னியா இலை அல்ல. சுமார் 56 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் வாழ்ந்த உயிரினம். டைனோசர்கள் தோன்றியதே சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் என்றால், இதன் வயதை யோசித்துப் பாருங்கள்.

'அந்தப் பாறையில் எதுவும் இருக்காது!'

இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு அருகே உள்ளது சார்ன்வுட் வனப்பகுதி. இங்குள்ள பழம்பாறைகள் கேம்பிரியன் காலத்துக்கும் முந்தையவை. அவ்வளவு பழைய பாறையில் புதைபடிவம் கிடைக்காது என்பதே அன்றைய பாடம். லெஸ்டரில் வளர்ந்த டேவிட் அட்டன்பரோ, சிறுவயதில் புதைபடிவம் தேடி அலைந்தவர். அவர்கூட இதை நம்பி சார்ன்வுட் பாறைகளைத் தேடிப் போகவில்லை.

1956-ல் அங்கு சென்ற 15 வயது மாணவி டினா நீகஸ், பாறையில் அந்த இலை வடிவத்தைப் பார்த்தார். பள்ளி ஆசிரியரிடம் சொன்னபோது, அந்தப் பாறைகளில் புதைபடிவமே கிடையாது என்று பதில் வந்தது. விஷயம் அதோடு முடிந்தது.

அடுத்த ஆண்டு, நண்பர்களுடன் பாறை ஏறச் சென்ற ரோஜர் மேசன் என்ற மாணவர் அதே வடிவத்தைக் கண்டார். தன் தந்தை மூலம், லெஸ்டர் பல்கலைக்கழகப் புவியியலாளர் டிரெவர் ஃபோர்டிடம் விஷயத்தைக் கொண்டு சென்றார். 1958-ல் ஃபோர்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டு, 'சார்னியா மேசனி' என்று பெயர் வைத்தார். கேம்பிரியனுக்கு முந்தையது என்று உறுதியாகத் தெரிந்த பாறையில் இப்படியொரு உயிரின வடிவம் கிடைத்தது, உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது.

வாய் இல்லை, வயிறு இல்லை!

ஃபோர்டு இதைப் பாசி வகை என்றே கருதினார். ஆனால், சார்னியா வாழ்ந்தது சூரிய ஒளி எட்டாத ஆழ்கடலில். ஒளி இல்லாமல் தாவரம் எப்படி உணவு தயாரிக்கும்? அதற்கு வாய், வயிறு இருந்த தடயமும் இல்லை. அடிப்பகுதியால் கடல் தரையைப் பற்றிக்கொண்டு, நீரில் இருந்தே உணவை எடுத்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் சுமார் 57 கோடி ஆண்டுகள் பழைமையான சார்னியா படிவங்களும் கிடைத்துள்ளன. அது வளர்ந்த விதத்தை அலசி 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, சார்னியா விலங்கினம்தான் என்கிறது. ஜெல்லிமீன், பவளம் முதல் மனிதன் வரை கிளைத்து வந்த தண்டுக்கு அருகே இருந்த பழைய கிளை அது!

பெயர் ஒருவருக்கு... பெருமை இருவருக்கு!

மேசன் பின்னாளில் புவியியல் பேராசிரியர் ஆனார். தனக்கு முன்பே டினா பார்த்துவிட்டார் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்தப் படிவம் இன்று லெஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் 'மேசனி'தான். ஆனால், சார்னியாவின் கதையைச் சொல்லும் பலரும் இப்போது டினாவில் இருந்துதான் தொடங்குகிறார்கள்.